பிளாண்ட் பாக்கலாமா? நடிப்பு அபாரம், ஆனா மர்லின்கிட்ட இருந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க

நெட்ஃபிளிக்ஸ்ல பிளாண்ட் பாக்கலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். மர்லினா வர்ற அனா டி அர்மாஸ் நடிப்புக்காக பாக்கலாம், ஒளிப்பதிவுக்காக பாக்கலாம், ஆனா அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ யாரு என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு நினைச்சு உக்காராதீங்க, ஏன்னா இதுல அழுற ஒரு பொண்ணு மட்டும்தான் இருக்கு, ரெண்டே முக்கால் மணி நேரம் அந்தப் பொண்ண ஒவ்வொருத்தரா வந்து அடிக்கிறாங்க, ஏமாத்துறாங்க, அவ்ளோதான் படம்.

2022 செப்டம்பர்ல வந்த படம், இப்பவும் யாராவது பாத்துட்டு வந்து ஆபீஸ்ல பேசிக்கிட்டேதான் இருக்காங்க. அமெரிக்காவுல என்சி-17 குடுத்த படம், அதாவது 17 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள யாரும் தியேட்டருக்குள்ள போகவே முடியாது, அந்த அளவுக்கு கடுமையான ரேட்டிங். பாலியல் வன்முறை இருக்கு, கருக்கலைப்பு காட்சி இருக்கு, போதை மாத்திரை இருக்கு. நம்ம வீடுங்கள்ல டிவி ஹால்லதான் இருக்கும், அம்மா மாமியார் பிள்ளைங்க எல்லாரும் குறுக்க நெடுக்க போயிட்டு வருவாங்க, அதனால லேப்டாப்ல ஹெட்ஃபோன் போட்டு தனியா பாருங்க, கிட்ஸ் கைல ஐபேட் குடுக்குற வீடா இருந்தா புரொஃபைலுக்கு பின் நம்பர் போட்டு வெச்சிடுங்க. இந்த மாதிரி காட்சிங்க உங்க மனச ரொம்ப பாதிக்கும்னு தெரிஞ்சா பாக்கவே வேணாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. கீழ கதையில வர்ற ஒரு ரகசியத்தையும் சொல்லப்போறேன், அது தெரிய வேணாம்னா இத்தோட நிறுத்திக்கோங்க.

படம் எடுத்தவரு ஆண்ட்ரூ டொமினிக். ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் 2000ல எழுதின நாவல வெச்சு எடுத்தது. 700 பக்கத்துக்கு மேல போற நாவல் அது, அவங்களே இது கற்பனை, வாழ்க்கை வரலாறு கிடையாதுன்னு சொன்ன நாவல். அதனாலதான் மர்லினோட ரெண்டாவது புருஷன் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவுக்கு படத்துல பேரே இல்ல, மாஜி விளையாட்டு வீரர்னு மட்டும்தான், மூணாவது புருஷன் ஆர்தர் மில்லர் வெறும் நாடகாசிரியர், கென்னடி வெறும் அதிபர். யாருன்னு உலகத்துக்கே தெரியும், ஆனா பேரு சொல்ல மாட்டாங்க.

என் கூட வேலை பாக்குற சின்னப் பொண்ணு ஒருத்தி லஞ்ச் டைம்ல கேட்டா, "அக்கா, அதான் கற்பனைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு இவ்ளோ கோவம்?" நியாயமான கேள்விதான். கற்பனை மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, சரித்திரக் கதை படிச்சு வளந்தவங்கதான நாம எல்லாம், ராஜாவும் ராணியும் பேசின பேச்ச எந்த எழுத்தாளர் கூட இருந்து கேட்டாரு. என் கோவம் வேற. இந்தப் படத்துல சேத்த கற்பனை எல்லாத்தையும் எடுத்து வரிசையா வெச்சுப் பாருங்க, எல்லாமே ஒரே பக்கம் சாயுது. அவங்க வாழ்க்கைல இருந்த தெம்பு, புத்தி, சிரிப்பு, கூட நின்ன ஆளுங்க எல்லாத்தையும் எடுத்துட்டு, இல்லாத கொடுமைங்கள உள்ள கொண்டு வந்து வெச்சிருக்காங்க. ஒரு இடத்துல கூட கற்பனை அவங்களுக்கு சாதகமா வரல. நான் தேடித்தேடி பாத்தேன், ஒண்ணு கூட இல்ல.

அப்பா விஷயத்த எடுத்துக்கோங்க. படம் முழுக்க அந்தப் பொண்ணு முகம் தெரியாத அப்பாவுக்காக ஏங்குது, புருஷங்களையே டாடின்னு கூப்பிடுது, அப்பாகிட்ட இருந்து கடிதம் வருது, கடைசில அந்தக் கடிதம் எல்லாம் பழைய காதலன் எழுதினதுன்னு தெரிய வர்ற அதிர்ச்சிலதான் அந்தப் பொண்ணு சாகுற மாதிரி முடிக்கிறாங்க. அந்தக் காதலனும் இன்னொரு நடிகரோட பையனும் அவங்களும் மூணு பேரா சேந்து வாழ்றது, அந்தக் கடிதங்க, எல்லாமே கதைக்காக கட்டினது. நிஜத்துல சார்லஸ் ஸ்டான்லி கிஃபோர்ட்தான் தன்னோட அப்பான்னு மர்லின் நம்பினாங்க, 2022ல டிஎன்ஏ டெஸ்ட்டும் அத உறுதி பண்ணிடுச்சு. அப்பா ஏக்கம் அவங்களுக்கு இல்லாம இல்ல, கண்டிப்பா இருந்திருக்கும், ஆனா 36 வயசுல செத்துப்போன ஒரு பெரிய மனுஷியோட மொத்த வாழ்க்கைக்கும் அது ஒண்ணுதான் சாவின்னு சொல்றது எந்த ஊர் நியாயம்.

அதே மாதிரி குடும்பமும். படத்துல அவங்க உலகத்துலயே தனி ஆளு. நிஜத்துல பெர்னிஸ்னு ஒரு அக்கா இருந்தாங்க, அம்மா வழி அக்கா, மர்லினுக்கு 12 வயசு இருக்கும்போதுதான் அப்படி ஒரு அக்கா இருக்குறதே தெரிய வந்துச்சு, அதுக்கப்புறம் கடிதம், போன்னு கடைசி வரைக்கும் ஒட்டுறவா இருந்தாங்க, அந்த அக்கா பின்னாடி புத்தகமே எழுதினாங்க. படத்துல அந்த அக்கா இல்லவே இல்ல. அம்மா கிளாடிஸ் சினிமா ஃபிலிம் கட் பண்ற வேலை பாத்தவங்க, மனநோய் வந்து ஆஸ்பத்திரிக்கு போனது நிஜம், பிள்ளை அனாதை இல்லத்துலயும் வளர்ப்பு வீடுங்கள்லயும் வளந்தது நிஜம். ஆனா காட்டுத்தீக்குள்ள கார ஓட்டிட்டுப் போறது, குழந்தைய குளிக்கிற தொட்டில முக்குறது எல்லாம் நாவல் வழியா வந்தது. அந்த அம்மா மக செத்து இருபது வருஷத்துக்கும் மேல உயிரோட இருந்தாங்க, 1984லதான் இறந்தாங்க. இத தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு வயித்த பிசைஞ்சுது, அந்த ஒரு விஷயத்துல மட்டும் எவ்ளோ பெரிய கதை இருக்கு, அத விட்டுட்டு தொட்டில முக்குறாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

மர்லின் ஒரு வேலைக்காரி. அந்த வார்த்தைய மரியாதையாத்தான் சொல்றேன். 16 வயசுல கல்யாணம், யுத்த காலத்துல ஃபேக்டரில வேலை, அங்க போட்டோ எடுக்க வந்தவரு கண்ணுல பட்டு மாடலிங், 1946ல ஃபாக்ஸ் ஸ்டூடியோ ஒப்பந்தம். 1952ல ஒரு பிரச்சனை வெடிச்சுது, பணமில்லாத காலத்துல 50 டாலருக்கு எடுத்த நிர்வாணப் படம் காலண்டர்ல வந்திருக்குன்னு பத்திரிகைக்கு தெரிஞ்சு போச்சு. அந்தக் காலத்துல ஒரு நடிகைக்கு அது சாவுமணி. ஸ்டூடியோ நடுங்குச்சு, மர்லின் நேரா ஆமா அது நான்தான், வாடகை குடுக்க காசில்ல, அதனால செஞ்சேன்னு சொன்னாங்க, ஜனங்க அவங்க பக்கம் நின்னாங்க. 25 வயசுப் பொண்ணு! இப்ப நம்ம ஊர்ல ஒரு பழைய போட்டோ வாட்ஸப்ல சுத்துனாலே குடும்பமே வெளிய தலைகாட்ட முடியாம ஒடுங்கிப் போயிடுது, 1952ல அப்படி நிமிந்து நின்னவங்கள கோழை மாதிரி காட்டலாமா.

அப்புறம் 1954. சம்பளம் பத்தல, ஒரே மாதிரி மக்குப் பொண்ணு வேஷம் வேணாம்னு ஸ்டூடியோ குடுத்த படத்துல நடிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, ஸ்டூடியோ சஸ்பெண்ட் பண்ணுச்சு. அதே வருஷம் பிப்ரவரில கொரியா போயி குளிர்ல மெல்லிசு உடுப்புல நின்னு பல்லாயிரக்கணக்கான சிப்பாய்ங்க முன்னாடி பாடினாங்க. வருஷக் கடைசில ஹாலிவுட்ட விட்டு நியூயார்க் போயி, போட்டோகிராஃபர் மில்டன் கிரீனோட சேந்து சொந்தக் கம்பெனி, மர்லின் மன்றோ புரொடக்சன்ஸ். பத்திரிகை எல்லாம் கேலி பண்ணுச்சு. ஒரு வருஷம் இழுபறி, கடைசில ஃபாக்ஸ்தான் இறங்கி வந்துச்சு. ஏழு வருஷத்துல நாலு படம், படத்துக்கு 1 லட்சம் டாலர், இயக்குநர் யாரு ஒளிப்பதிவாளர் யாருன்னு அவங்க சம்மதம் இல்லாம முடிவு பண்ண முடியாது. ஸ்டூடியோ முதலாளிங்க நடிகைங்கள மாட்டுக்கொட்டாய்ல கட்டி வெச்ச மாதிரி வெச்சிருந்த காலத்துல ஒரு பொண்ணு தனியா நின்னு இத ஜெயிச்சிருக்கு. அப்புறம் அந்தக் கம்பெனி பேருல லண்டன் போயி லாரன்ஸ் ஒலிவியேவையே நடிக்க வெச்சு படம் எடுத்தாங்க.

இதுல ஒண்ணு கூட, கம்பெனியும் சரி, கொரியாவும் சரி, அந்த வெற்றியும் சரி, 166 நிமிஷப் படத்துல இல்ல. சம்பளம் கம்மியா இருக்கேன்னு ஒரு இடத்துல கேக்குறாங்க, அத்தோட சரி. ஆனா வயித்துல இருக்குற கரு பேசுற காட்சிக்கு நேரம் இருக்கு. ஆமா, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல ஒரு கரு, போன தடவை செஞ்ச மாதிரி இந்தத் தடவையும் என்ன பண்ணிட மாட்டியேன்னு அம்மாகிட்ட கேக்குது. ஸ்டூடியோ கட்டாயப்படுத்தி கருக்கலைப்பு பண்ணின மாதிரி காட்டுறதுக்கு ஆதாரம் கிடையாது. நிஜத்துல அவங்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சுவர் மாதிரி திசு வெளிய வளர்ற நோய் இருந்துச்சு, வலியோடயே வாழ்ந்தாங்க, 1957ல கரு கர்ப்பப்பைக்கு வெளிய தங்கி எடுக்க வேண்டியதாச்சு, குழந்தை வேணும்னு தவிச்சவங்க. இந்தப் படம் வந்தது அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைய ரத்து பண்ணி மூணு மாசத்துல, அதனால பிளான்ட் பேரண்ட்ஹுட் மாதிரி பெண்கள் ஆரோக்கியத்துக்காக வேலை பாக்குற அமைப்புங்க இது கருக்கலைப்புக்கு எதிரான பிரச்சாரம்னு கண்டிச்சாங்க, இயக்குநர் அப்படி இல்லன்னாரு. எனக்கு அந்த அரசியல விட, கருச்சிதைவு ஆன ஒரு பொண்ணு ராத்திரி தனியா உக்காந்து இந்தக் காட்சிய பாத்தா என்ன ஆகும்னுதான் தோணுச்சு. அந்த மாதிரி பொண்ணுங்க எனக்கு தெரிஞ்சவங்கள்லயே இருக்காங்க, அவங்க யாருக்கும் இந்தப் படத்த நான் சொல்ல மாட்டேன்.

அதிபர் காட்சி பத்தி எழுதவே கை வரல. அவங்கள ரெண்டு காவலாளிங்க மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க, உள்ள நடக்குறத கேமரா அவங்க முகத்துக்கு கிட்ட போயி நகராம காட்டுது. ஆம்பளைங்க அவங்கள எப்படி பயன்படுத்துனாங்கன்னு காட்டத்தான்னு சொல்றாங்க. காட்டுறேன்னு சொல்லி அதையே திரும்ப ஒரு தடவை அவங்களுக்கு செய்யற மாதிரிதான் எனக்கு இருந்துச்சு.

நல்லது நிறைய இருக்கு, அதையும் சொல்லணும். அனா டி அர்மாஸ் கியூபாவுல பிறந்த பொண்ணு, பேச்சுல ஸ்பானிஷ் வாடை அடிக்குதுன்னு டிரெய்லர் வந்தப்பவே குறை சொன்னாங்க, எனக்கு அது உறுத்தல. அந்த மூச்சு விட்டுப் பேசுற குரல், கண்ணாடி முன்னாடி அழுதுட்டே இருக்குறப்ப திடீர்னு மர்லின் சிரிப்பு முகத்துல வந்து உக்கார்ற அந்த நொடி, அதெல்லாம் பயிற்சியால மட்டும் வர்றதில்ல. ஷூட்டிங்குக்கு முன்னாடி குழுவே ஒரு கார்டுல கையெழுத்து போட்டு மர்லின் கல்லறைல வெச்சாங்கன்னு அனா பேட்டில சொல்லியிருக்காங்க, அந்தப் பொண்ணோட பக்தி திரைல தெரியுது. ஆஸ்கர் நாமினேஷன் கிடைச்சது நியாயம். அதே சீசன்ல அமெரிக்காவுல மோசமான படத்துக்கு குடுக்குற ராஸி விருது இதே படத்துக்கு போச்சு, மோசமான திரைக்கதைன்னும் ஒண்ணு. ரெண்டு தீர்ப்பும் எனக்கு சம்மதம்.

சின்ன வயசு நார்மா ஜீனா (மர்லினோட நிஜப் பேரு) வர்ற லில்லி ஃபிஷரும் அம்மாவா வர்ற ஜூலியன் நிக்கல்சனும் முதல் அரை மணி நேரத்த தூக்கி நிறுத்துறாங்க. நிக் கேவ், வாரன் எல்லிஸ் இசை ராத்திரி கேட்டா தூக்கம் வராது. ஒளிப்பதிவு கலருக்கும் கருப்பு வெள்ளைக்கும் மாறுது, திரை அளவே சதுரமா சுருங்குது விரியுது, மர்லினோட புகழ்பெற்ற போட்டோ ஒவ்வொண்ணும் அப்படியே உயிர் பெறுது. பிரீமியர் ராத்திரி கூட்டத்துல ஆம்பளைங்க வாய் எல்லாம் பூதம் மாதிரி விரியிற ஷாட்டும், பழைய படத்துக்குள்ள அனாவ ஒட்ட வெச்ச இடங்களும் பெரிய டிவில பாக்க வேண்டியது, லேப்டாப்ல பாக்கச் சொல்லிட்டு இப்படி சொல்றேன், வேற வழியில்ல.

ஒரு காட்சி மட்டும் தனியா சொல்லணும். ஏட்ரியன் பிராடி நாடகாசிரியரா வர்றாரு. மர்லின் அவரோட நாடகத்த வாசிச்சுட்டு, அதுல வர்ற மாக்டாங்கற பொண்ண பத்திப் பேசுறாங்க. முதல்ல ரஷ்ய எழுத்தாளர் செகாவ் நாடகத்துல வர்ற ஒரு பாத்திரம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, யாரு சொல்லிக் குடுத்தான்னு அவரு கேக்குறாரு, சினிமா நடிகைக்கு இது தெரியாதுங்கற நினைப்பு அவருக்கு. அப்புறம் அவங்க மெதுவா சொல்றாங்க, அந்தப் பொண்ணுக்கு ஒருவேள எழுதப் படிக்கத் தெரியாதோ, அவரு எழுதின கவிதைய படிக்கிற மாதிரி நடிச்சிருப்பாளோன்னு. அந்த மனுஷனுக்கு கண்ணு கலங்கிடுது, தான் காதலிச்ச பொண்ண பத்தி தானே யோசிக்காதத இவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. மூச்சு விடாம பாத்தேன். இதுதான் மர்லின், புத்தகப் பைத்தியம், நியூயார்க்ல நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பர்க்கிட்ட மாணவியா போயி உக்காந்தவங்க. இவங்கள எழுத இந்த இயக்குநருக்குத் தெரியுது, அந்த ஒரு காட்சியே சாட்சி. தெரிஞ்சும் பத்து நிமிஷத்துல விட்டுட்டு மறுபடி அழ வைக்கப் போயிட்டாரேன்னுதான் ஆத்திரம். இவரே ஒரு பேட்டில மர்லின் நடிச்ச படங்கள இப்ப யாரும் பாக்குறதில்லங்கற மாதிரி பேசினத படிச்சப்ப காரணம் புரிஞ்சுது.

நம்ம சினிமாவுக்கு இது புதுசில்ல. சில்க் ஸ்மிதா கதைன்னு 2011ல ஹிந்தில த டர்ட்டி பிக்சர் வந்துச்சு, அவங்க பிறந்தநாளான டிசம்பர் 2 அன்னிக்கே ரிலீஸ் பண்ணிட்டு, இது குறிப்பா அவங்க கதை இல்லன்னும் சொன்னாங்க, குடும்பத்துல எதிர்ப்பு வந்துச்சு. அதுலயும் எனக்கு மனக்குறை உண்டு, ஆனா வித்யா பாலன் செஞ்ச அந்தப் பொண்ணுக்கு ஆசை இருந்துச்சு, வாய் இருந்துச்சு, ஆம்பளைங்க முகத்துக்கு நேரா திருப்பிப் பேசினா. சாவித்திரி கதை 2018ல நடிகையர் திலகம்னு வந்தப்ப ஜெமினி கணேசன் குடும்பத்துல இருந்து கமலா செல்வராஜ் எங்கப்பாவ தப்பா காட்டிட்டாங்கன்னு வெளிப்படையா வருத்தப்பட்டாங்க, அந்த சண்டை அவங்க வீட்டு சண்டை. ஆனா அந்தப் படத்துல சாவித்திரி ஒரு கண்ணுல மட்டும் கேட்ட அளவுக்கு கண்ணீர் வர வெச்சு நடிக்கிற காட்சி இருக்கு பாருங்க, தியேட்டரே கைதட்டுச்சு. அவங்க படம் இயக்கினதையும் காட்டினாங்க. குடிச்சு வீழ்ந்ததையும் காட்டினாங்க. ரெண்டும் இருந்ததாலதான் வீழ்ச்சி அப்படி வலிச்சுது. எங்கம்மா படம் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வரைக்கும் இங்க சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல ஒரு வார்த்தை பேசல.

எங்கம்மா தலைமுறை ஆளுங்க சில்க் பேரச் சொன்னாலே இன்னும் முகம் சுளிப்பாங்க, சிராங்கூன் ரோட்டு கேசட் கடைல அந்தப் படங்கள எடுக்க வரிசைல நின்ன ஆம்பளைங்கள பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. அலைகள் ஓய்வதில்லைல பாரதிராஜா அவங்களுக்கு குடுத்த அண்ணி வேஷத்த பாத்திருக்கீங்களா? அந்த நடிப்ப பாத்தவங்க அப்படி முகம் சுளிக்க மாட்டாங்க. வாய்ப்பே குடுக்காம ஒரு பொண்ண உடம்பா மட்டும் வெச்சுட்டு, செத்தப்புறம் வந்து ஐயோ பாவம்னு படம் எடுக்குறது, அதுலயும் திரும்ப உடம்பா மட்டும் காட்டுறது, இது எந்த ஊர்லயும் மாறல போல.

ஹாலிவுட் அவங்கள எப்படி தின்னுச்சுன்னு காட்டுற படம், பாக்க கஷ்டமாத்தான் இருக்கணும்னு என் வீட்டுக்காரர் வாதம் பண்றாரு. கஷ்டமா இருக்கட்டும், நான் மறுக்கல. யார தின்னுச்சுன்னு காட்டணும்ல? எதிர்த்து நின்ன ஆள, ஜோக் சொல்லி செட்டையே சிரிக்க வெச்ச ஆள, ஆர்தர் மில்லர் மேல அமெரிக்க நாடாளுமன்றக் குழு கம்யூனிஸ்ட் விசாரணை நடத்தினப்ப தன் மார்க்கெட் போனாலும் பரவால்லன்னு கூட நின்ன ஆள காட்டினாத்தான் இழந்தது எவ்ளோ பெரிசுன்னு தெரியும்.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு ரெண்டு, அந்த ரெண்டும் அனாவுக்கும் ஒளிப்பதிவுக்கும். மர்லின பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க, புகிஸ் ஸ்ட்ரீட்ல டீ-ஷர்ட்ல மட்டும் அவங்க முகத்த பாத்தவங்க, முதல்ல அவங்க நடிச்சத பாருங்க. 1959ல வந்த சம் லைக் இட் ஹாட்ல ஆரம்பிங்க, கோல்டன் குளோப் வாங்கின நடிப்பு, ரெண்டு ஆம்பளைங்க பொம்பளை வேஷத்துல ஆடுற ரகளைக்கு நடுவுல இவங்க ஒரு பார்வைல காட்சிய தன் பக்கம் இழுத்துடுவாங்க, குடும்பத்தோட பாக்கலாம், எங்கம்மாவே ரெண்டு தடவை பாத்து சிரிச்சாங்க. அடுத்து 1961ல வந்த த மிஸ்ஃபிட்ஸ், அவங்க முழுசா நடிச்சு முடிச்ச கடைசி படம், குதிரைங்கள பிடிக்கிற ஆம்பளைங்கள பாத்து பாலைவனத்துல தூரத்துல நின்னு அவங்க கத்துற கத்தல் ஒண்ணு போதும். இது ரெண்டையும் பாத்துட்டு அதுக்கப்புறமும் பிளாண்ட் பாக்கணும்னு தோணுச்சுன்னா பாருங்க, கரு பேசுற இடமும் அதிபர் வர்ற இடமும் வந்தா ரிமோட்ட எடுத்து தள்ளி விட்டுடுங்க.